நேர ஓட்டக் கட்டங்களும் பரிசுத் தொகையும் (சாலை மிதிவண்டிப் பந்தயம்)

நேர ஓட்டம் (டைம் டிரையல்) என்பது சாலை மிதிவண்டிப் பந்தயங்களில் வீரர்கள் கூட்டமாகப் புறப்படாமல், குறிப்பிட்ட இடைவெளி விட்டு ஒருவர்பின் ஒருவராகப் புறப்பட்டு, தனித்தனியே ஓட்டி முடிக்கும் போட்டி முறையாகும். மிகக் குறைந்த நேரத்தில் தொலைவைக் கடந்தவரே வெற்றி பெற்றவர் ஆவார். பிரெஞ்சு மொழியில் இதற்குக் 'கடிகாரத்துக்கு எதிராக' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. ஒரே நாளில் முடியும் தனிப் போட்டியாகவும், டூர் டி பிரான்சு, ஜிரோ டி இத்தாலியா, வுவெல்ட்டா ஆகிய மூன்று வாரப் பந்தயங்களில் ஒரு கட்டமாகவும் இது நடத்தப்படுகிறது.

பல்கட்டப் பந்தயம் ஒன்றில் நேர ஓட்டக் கட்டத்தை வென்றவருக்கும், சாதாரண சமவெளிக் கட்டத்தை வென்றவருக்கும் கிடைக்கும் பரிசுத் தொகை ஒன்றே. ஆனால் சமவெளிக் கட்டத்தின் முடிவில் நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள் ஒரே நேரத்தைப் பெறுவது வழக்கம். நேர ஓட்டத்திலோ ஒவ்வொருவருக்கும் தனி நேரம் கணக்கிடப்படுகிறது. இதனால் பந்தயத்தின் முதற்பரிசு யாருக்கு என்பதை, தன்னளவில் சிறிய பரிசையே உடைய இக்கட்டம் பலமுறை தீர்மானித்துள்ளது. இக்கட்டுரை பெரும்பாலும் டூர் டி பிரான்சை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விரண்டின் தொடர்பை விளக்குகிறது.

நடைபெறும் முறை

பல்கட்டப் பந்தயங்களில் ஒட்டுமொத்த நிலையில் கடைசியாக உள்ளவர் முதலில் புறப்படுவார். முதலிடத்தில் உள்ளவர் கடைசியாகப் புறப்படுவார். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே பொதுவாக ஒரு நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை இடைவெளி இருக்கும். ஒரு சாய்மேடையின் உச்சியில் உதவியாளர் மிதிவண்டியின் இருக்கையைப் பிடித்துக்கொள்ள, நடுவர் விரல்களை மடக்கி நொடிகளை எண்ணியதும் வீரர் கீழிறங்கிப் புறப்படுகிறார். குறித்த நேரத்தில் வீரர் மேடைக்கு வரத் தவறினாலும் அவருடைய கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

முன்னால் சென்றவரைப் பின்னால் வந்தவர் எட்டிப்பிடித்தால், அவருடைய காற்று மறைவைப் பயன்படுத்துவது தவறாகும். முந்துபவர் பக்கவாட்டில் குறைந்தது 2 மீட்டர் விலகிச் செல்ல வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குப் பின், முந்தப்பட்டவர் குறைந்தது 25 மீட்டர் இடைவெளியில் இருக்க வேண்டும். மீறுபவர்களுக்கு நேரத் தண்டனை உண்டு. பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் (யூ.சி.ஐ.) இதற்கென வேகத்தையும் தொலைவையும் கொண்டு தண்டனை நொடிகளைக் கணக்கிடும் அட்டவணை ஒன்றையே வைத்துள்ளது.

வெற்றியாளரின் நேரத்தைவிடக் குறிப்பிட்ட விழுக்காட்டுக்கு மேல் தாமதமாக வருபவர் பந்தயத்திலிருந்தே நீக்கப்படுவார். எனவே ஒட்டுமொத்த நிலையில் நம்பிக்கை இல்லாத வீரர்களில் பலர், நீக்கப்படாத அளவுக்கு மட்டும் ஓட்டி, அடுத்த நாளுக்காக வலுவைச் சேமித்துக்கொள்கின்றனர். தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு எல்லோரும் உயிரைக் கொடுத்து ஓட்டுவது போலத் தோன்றினாலும், உண்மையில் ஒரு நேர ஓட்டக் கட்டத்தில் முழு வலுவுடன் போட்டியிடுவோர் சிலரே. சாலைக் கட்டங்களின் முடிவில் முதல் மூவருக்குக் கிடைக்கும் 10, 6, 4 நொடிச் சலுகை டூர் டி பிரான்சின் நேர ஓட்டங்களில் கிடையாது.

நேர ஓட்டத்தில் சில வகைகள் உள்ளன. பந்தயத்தின் முதல் நாளில் 8 கிலோமீட்டருக்கு மிகாமல் நடத்தப்படுவது முன்னோட்டக் கட்டம் எனப்படும். டூர் டி பிரான்சில் இது 1967ஆம் ஆண்டு ஆஞ்சேர் நகரில் அறிமுகமானது. மலை மீது ஏறி முடியும் நேர ஓட்டங்களும் உண்டு. அணி நேர ஓட்டத்தில் ஓர் அணியின் வீரர்கள் அனைவரும் சேர்ந்து புறப்பட்டு, மாறி மாறி முன்னால் வந்து காற்றை எதிர்கொள்கின்றனர். இதில் அணியின் நான்காவது அல்லது ஐந்தாவது வீரர் எல்லையைக் கடக்கும் நேரத்தை அணிக்கு உரிய நேரமாகக் கொள்வது நெடுங்கால வழக்கம். 2023ஆம் ஆண்டு பாரிசு–நீஸ் பந்தயத்தில் இவ்வழக்கம் மாற்றப்பட்டு, ஒவ்வொரு வீரருக்கும் அவர் எல்லையைத் தொட்ட நேரமே வழங்கப்பட்டது.

காற்றெதிர்ப்பும் கருவிகளும்

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் செல்லும் மிதிவண்டி வீரர் செலவிடும் ஆற்றலில் மிகப் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. காற்றெதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. அதனை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. இதன்படி வேகத்தை 50-இலிருந்து 55 கிலோமீட்டராக, அதாவது பத்து விழுக்காடு, உயர்த்த வேண்டுமானால் ஏறத்தாழ 33 விழுக்காடு கூடுதல் திறன் தேவை. கால்களால் மட்டும் இதைத் தர இயலாது. ஆகவே காற்றுக்கு எதிரே உடல் காட்டும் பரப்பைக் குறைப்பதே நேர ஓட்டக் கலையின் பெரும்பகுதியாக அமைந்துள்ளது.

கூட்டத்தின் நடுவே செல்பவருக்கு இந்தச் சுமையில் பெரும்பங்கு முன்னால் செல்பவர்களால் குறைகிறது. நேர ஓட்டத்தில் அந்த உதவி எவருக்கும் இல்லை. வலுவான அணியைச் சேர்ந்தவரும் அன்று தனி ஆள்தான்.

நேர ஓட்ட மிதிவண்டியில் முன்கைகளை ஒட்டிவைத்து முன்னோக்கி நீட்டிக்கொள்ள நீள்கைப்பிடி, பின்புறம் கம்பிகளற்ற வட்டுச் சக்கரம், தட்டையான சட்டக் குழாய்கள் ஆகியன இருக்கும். வீரர் பின்புறம் நீண்ட தலைக்கவசமும் உடலோடு ஒட்டிய ஒற்றையாடையும் அணிந்திருப்பார். மிதிவண்டியின் எடை 6.8 கிலோகிராமுக்குக் குறையக்கூடாது என்ற விதி 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. புறப்படுவதற்கு முன் ஒவ்வொரு மிதிவண்டியும் அளவுச் சட்டம் ஒன்றில் வைத்துச் சோதிக்கப்படுகிறது. இருக்கை சில மில்லிமீட்டர் முன்னால் இருந்தாலும் அதனைச் சரிசெய்யாமல் புறப்பட முடியாது.

தோற்றமும் வளர்ச்சியும்

இங்கிலாந்தில் பொதுச் சாலைகளில் கூட்டமாகப் பந்தயம் ஓட்டுவதற்கு எதிர்ப்பு இருந்தமையால், வீரர்களைத் தனித்தனியே அனுப்பி நேரம் பார்க்கும் முறை 1895ஆம் ஆண்டு பிரடெரிக் பிட்லேக் என்பவரால் ஒழுங்குபடுத்தப்பட்டது. காவல்துறையின் கண்ணில் படாமல் இருக்க அதிகாலையில் புறப்படுவதும், கருப்பு ஆடை அணிவதும், பந்தயப் பாதைகளைக் குறியீட்டு எண்களால் குறிப்பதும் அங்கே நெடுநாள் பழக்கமாக இருந்தன. ஐரோப்பியக் கண்டத்தில் இது வேறு வழியில் வளர்ந்தது. 1932இல் பாரி-சுவார் என்ற பிரெஞ்சு நாளிதழ் கிராண்ட் பிரி தே நேசியோன் என்ற நீண்ட நேர ஓட்டத்தைத் தொடங்கியது. 2004 வரை நடைபெற்ற இப்போட்டியைப் பிரான்சின் ழாக் ஆங்கெத்தில் ஒன்பது முறை வென்றார்.

1933இல் ஜிரோ டி இத்தாலியாவில் பொலோனாவிலிருந்து பெராரா வரை நடந்த நேர ஓட்டத்தை அல்பிரெடோ பிந்தா வென்றார். அடுத்த ஆண்டு டூர் டி பிரான்சு முதன்முறையாக லா ரோஷ்-சூர்-யோனிலிருந்து நாந்து வரை 80 கிலோமீட்டருக்கும் கூடிய தனிநபர் நேர ஓட்டத்தைச் சேர்த்தது. அதனை வென்ற அந்தோனின் மாஞ்ஞே அவ்வாண்டுப் பந்தயத்தையும் வென்றார். டூர் வரலாற்றில் மிக நீண்ட தனிநபர் நேர ஓட்டம் 1947இல் வான்னிலிருந்து சான்-பிரியே வரை 139 கிலோமீட்டர் தொலைவுக்கு நடந்தது. பெல்ஜியத்தின் ரேமோன் இம்பானிசு அதில் வென்றார்.

உலகப் போட்டிகளில் இது தாமதமாகவே இடம்பெற்றது. தொழில்முறை வீரர்களுக்கான உலக வாகையர் பட்டம் 1994இல் சிசிலித் தீவில் முதன்முறை வழங்கப்பட்டது. ஆண்களில் கிறிஸ் போர்ட்மனும் பெண்களில் கேரன் குர்ரெக்கும் வென்றனர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மிகுவேல் இந்துரைன் தங்கப் பதக்கம் பெற்றார்.

இந்துரைன் 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை டூரை வென்றவர். அந்த ஐந்து ஆண்டுகளில் அவர் வென்ற பத்துக் கட்டங்களும் நேர ஓட்டங்களே. 1992இல் லக்சம்பர்க்கில் 65 கிலோமீட்டர் ஓட்டத்தில் இரண்டாமவரைவிட மூன்று நிமிடம் முந்தினார். தமக்கு ஆறு நிமிடம் முன்னதாகப் புறப்பட்ட லோரான் ஃபின்யோனையும் வழியில் கடந்து சென்றார். மலைகளில் எதிரிகளை விடாமல் பின்தொடர்ந்து, நேர ஓட்டத்தில் நிமிடங்களைச் சேர்ப்பதே அவர் வழி. பார்வையாளருக்கு இது சலிப்பூட்டியது என்ற குறை அப்போதே எழுந்தது.

பந்தயத்தைத் தீர்மானித்த கட்டங்கள்

1968இல் டூரின் கடைசி நாளில் நடந்த நேர ஓட்டத்தை நெதர்லாந்தின் யான் யான்சன் 16 நொடிகள் பின்தங்கிய நிலையில் தொடங்கி, பெல்ஜியத்தின் எர்மான் வான் ஸ்பிரிங்கலை 38 நொடிகளில் வீழ்த்திப் பந்தயத்தை வென்றார். அதற்கு முன் அவ்வாண்டில் ஒரு நாளும் அவர் மஞ்சள் சட்டை அணிந்ததில்லை.

மிகவும் பேசப்படுவது 1989ஆம் ஆண்டுப் பந்தயமாகும். கடைசிக் கட்டம் வெர்சாயிலிருந்து பாரிசு வரை 24.5 கிலோமீட்டர் நேர ஓட்டமாக வைக்கப்பட்டது. மஞ்சள் சட்டையில் இருந்த ஃபின்யோன், அமெரிக்கரான கிரெக் லெமாண்டைவிட 50 நொடிகள் முன்னிலையில் இருந்தார். கிலோமீட்டருக்கு இரண்டு நொடிக்கும் மேல் மீட்க வேண்டியிருந்ததால் லெமாண்டால் முடியாது என்றே பலரும் கருதினர். லெமாண்ட் அப்போது புதிதாக வந்திருந்த நீள்கைப்பிடியையும் காற்றை வழுக்கிச் செல்லும் தலைக்கவசத்தையும் பயன்படுத்தினார். ஃபின்யோன் வழக்கமான கைப்பிடியுடனும், தலைக்கவசம் இன்றிக் குதிரைவால் முடியுடனும் ஓட்டினார்; இருக்கைப் புண்ணாலும் அவர் துன்புற்றிருந்தார். லெமாண்ட் 26 நிமிடம் 57 நொடியில், மணிக்கு 54.5 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் முடித்தார். ஃபின்யோன் 58 நொடிகள் பின்தங்கினார். ஏறத்தாழ 3,285 கிலோமீட்டர் தொலைவும் 87 மணி நேரத்துக்கு மேலும் நீடித்த பந்தயத்தின் வெற்றி 8 நொடிகளில் முடிவானது. ஆண்கள் டூரில் இதைவிடக் குறைந்த இடைவெளி இதுவரை பதிவாகவில்லை.

2020 செப்டம்பரில் இதே போன்ற திருப்பம் மீண்டும் நேர்ந்தது. கடைசிக்கு முந்திய நாளில் லூர் நகரிலிருந்து லா பிளாஞ்சு தே பெல் பீய் மலை வரை 36.2 கிலோமீட்டர் நேர ஓட்டம் நடந்தது. சுலோவீனியாவின் பிரிமோஸ் ரோக்லிச், தம் நாட்டவரான 21 வயது தாதெய் பொகாச்சரைவிட 57 நொடிகள் முன்னிலையில் இருந்தார். பொகாச்சர் கட்டத்தை வென்றதோடு ரோக்லிச்சைவிட 1 நிமிடம் 56 நொடி முந்திப் பந்தயத்தை 59 நொடிகளில் கைப்பற்றினார். முதற்பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் இடையிலான வேறுபாடு 3,00,000 யூரோ. இறுதி இடைவெளியால் வகுத்தால் நொடி ஒன்றுக்கு 5,000 யூரோவுக்குச் சற்று மேல் வருகிறது.

ரோக்லிச் 2023 ஜிரோவில் இதற்கு மறுதலையான இடத்தில் நின்றார். மோன்டே லுசாரி மலை நேர ஓட்டத்தில் சங்கிலி கழன்று நின்றும்கூட, 26 நொடி பின்னிலையை மாற்றி ஜெரைன்ட் தாமசை 14 நொடிகளில் வென்றார். 2024 டூரின் கடைசிக் கட்டம் ஒலிம்பிக் போட்டிகள் காரணமாகப் பாரிசுக்கு வெளியே, மொனாக்கோவிலிருந்து நீஸ் வரை நேர ஓட்டமாக அமைந்தது. 1989க்குப் பின் கடைசி நாளில் நேர ஓட்டம் நடந்தது அப்போதுதான். ஆயினும் பொகாச்சர் ஏற்கெனவே வெகுதூரம் முன்னிலையில் இருந்ததால் 1989 போன்ற பரபரப்பு எழவில்லை.

நொடியின் நூறில் ஒரு பங்கு

சாலைக் கட்டங்களின் நேரம் முழு நொடிகளில் மட்டுமே கணக்கிடப்படுகிறது. நேர ஓட்டங்களில் மட்டும் நொடியின் நூறில் ஒரு பங்கு வரை பதிவு செய்யப்படுகிறது. ஒட்டுமொத்த நிலையில் இருவர் சமநேரத்தில் இருந்தால், நேர ஓட்டங்களில் விடுபட்ட இந்த நூற்றுப் பங்குகளைச் சேர்த்துப் பார்த்து யார் முன்னிலை எனத் தீர்மானிக்க வேண்டும் என்பது யூ.சி.ஐ. விதி. பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடும் பந்தயத்தில் இவ்விதிக்கு வேலை வராது என்று எண்ணத் தோன்றும். 2020 ஜிரோவில் வந்தது. இருபது கட்டங்கள் முடிந்த நிலையில் ஆஸ்திரேலியாவின் ஜெய் ஹிண்ட்லியும் பிரித்தானியாவின் டாவோ கேகன் ஹார்ட்டும் நொடிக்கு நொடி சமமாக இருந்தனர். முந்தைய நேர ஓட்டங்களின் 0.86 நொடி வேறுபாட்டால் ஹிண்ட்லி இளஞ்சிவப்புச் சட்டையை அணிந்தார். மறுநாள் மிலான் நகரில் முடிந்த 15.7 கிலோமீட்டர் நேர ஓட்டத்தில் கேகன் ஹார்ட் அவரைவிட 39 நொடி முந்தி, அச்சட்டையை ஒரு நாளும் பந்தயத்தில் அணிந்து ஓட்டாமலேயே ஜிரோவை வென்றார்.

பிரெஞ்சு மக்களின் பேரன்பைப் பெற்ற ரேமோன் பூலிதோர் பதினான்கு முறை டூரில் பங்கேற்றும் ஒரு நாள்கூட மஞ்சள் சட்டை அணிந்ததில்லை. 1967 முன்னோட்டக் கட்டத்தில் 6 நொடிகளிலும், 1973 முன்னோட்டக் கட்டத்தில் 0.80 நொடியிலும் அது அவர் கையைவிட்டுப் போயிற்று. அவர் மகள் வழிப் பேரன் மாத்யூ வான் டெர் பூல் 2021இல் அச்சட்டையை அணிந்தார். அவ்வாண்டு லாவால் நகர நேர ஓட்டத்துக்குப் பின்பும் 8 நொடி முன்னிலையில் அதைக் காத்துக்கொண்டார். பூலிதோர் அதைக் காண உயிருடன் இல்லை. அவர் 2019இல் காலமானார்.

பரிசுத் தொகை

டூர் டி பிரான்சு 1903இல் லோட்டோ என்ற விளையாட்டு நாளிதழின் விற்பனையைப் பெருக்கவே தொடங்கப்பட்டது. முதலில் பெயர் கொடுத்தவர்கள் மிகச் சிலரே. இதனால் ஆசிரியர் ஆன்றி டெகிராஞ்சு மொத்தப் பரிசை 20,000 பிராங்கு ஆக்கினார். நுழைவுக் கட்டணத்தை 20 பிராங்கிலிருந்து 10 ஆகக் குறைத்தார். முதல் ஐம்பது பேருக்கு நாளொன்றுக்கு 5 பிராங்கு படி அளிப்பதாகவும் அறிவித்தார். இதன் பின்னரே அறுபது பேர் புறப்பட்டனர். இருபத்தொருவர் முடித்தனர். வெற்றி பெற்ற மோரிஸ் காரன் எல்லாவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 6,000 பிராங்கு பெற்றார். சுருங்கச் சொன்னால், பரிசுத் தொகை இல்லையேல் முதல் டூரே நடந்திராது.

1905 முதல் 1912 வரை வெற்றியாளர் நேரத்தால் அல்லாமல் புள்ளிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டார். எட்டு மணி நேரம் பின்தங்கியவரும் எட்டு நொடி பின்தங்கியவரும் இம்முறையில் ஒரே அளவு இழந்தனர். 1913இல் நேரக் கணக்கு மீண்டும் வந்தது. அது வராமல் இருந்திருந்தால் நேர ஓட்டக் கட்டத்துக்கு இன்றைய முக்கியத்துவம் ஏற்பட்டிருக்காது.

பிற்காலத்தில் பரிசு எப்போதும் பணமாகவே இருந்ததில்லை. 1976 முதல் 1987 வரை முதற்பரிசாகப் பந்தயப் புரவலர் அளித்த அடுக்குமாடி வீடு வழங்கப்பட்டது. 1988இல் ஒரு மகிழுந்து, ஒரு சிறு அடுக்கக வீடு, ஒரு கலைப்படைப்பு, 5,00,000 பிராங்கு பணம் எனக் கலவையாக அமைந்தது. 1990இலிருந்து பரிசுகள் முழுவதும் பணமாக வழங்கப்படுகின்றன.

2016 முதல் டூரின் முதற்பரிசு 5,00,000 யூரோ. இரண்டாம் இடத்துக்கு 2,00,000, மூன்றாம் இடத்துக்கு 1,00,000 யூரோ. அதன் பிறகு தொகை செங்குத்தாக இறங்கி, இருபதாம் இடத்துக்கு வரும்போது 1,000 யூரோ ஆகிவிடுகிறது. கட்டம் ஒன்றை வென்றவருக்கு 11,000 யூரோவும் இரண்டாமவருக்கு 5,500 யூரோவும் கிடைக்கின்றன. கட்டத்தில் முதல் இருபது இடங்களுக்கு மட்டுமே பரிசு உண்டு. மஞ்சள் சட்டை அணிந்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 யூரோ. பச்சைச் சட்டை, மலைவேந்தர் சட்டை ஆகியவற்றை இறுதியில் வென்றவர்களுக்குத் தலா 25,000 யூரோ. ஜிரோவில் கட்ட வெற்றிக்கான தொகையும் ஏறத்தாழ இதே அளவுதான். வுவெல்ட்டாவின் முதற்பரிசு 1,50,000 யூரோ.

நேர ஓட்ட வல்லுநர் ஒருவருக்கு இந்தக் கணக்கு அவ்வளவு சாதகமானதன்று. வேக ஓட்ட வீரருக்கு மூன்று வாரத்தில் ஆறேழு வாய்ப்புகள் கிடைக்கும். இவருக்கு ஒன்றோ இரண்டோதான். பச்சைச் சட்டைக்கான புள்ளிகளும் நேர ஓட்டத்தில் குறைவே. மலை ஏற முடியாத நேர ஓட்ட வல்லுநர் வெற்றி பெற்றாலும் 11,000 யூரோவோடு அவர் கணக்கு முடிந்துவிடும். மலையும் ஏறக்கூடியவருக்கு அதே கட்டம் இலட்சங்களுக்கான வாயிலாகிறது.

பரிசைப் பங்கிடும் மரபு

வெற்றியாளர் இத்தொகையை வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. பருவம் முழுவதும் அணி ஈட்டும் பரிசுகள் ஒரே நிதியில் சேர்க்கப்பட்டு, சக வீரர்களுக்கும், பல அணிகளில் பொறியாளர், உடல் பிடிப்பாளர் உள்ளிட்ட உதவியாளர்களுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. பந்தயத்தை வென்ற தலைவர் தம் பங்கை விட்டுக்கொடுப்பது நெடுநாள் மரபாகும். மூன்று வாரம் அவருக்காகக் காற்றை வாங்கி, தண்ணீர்க் குப்பிகளைச் சுமந்து வந்த வீரர்களுக்கு அது கைம்மாறாகக் கருதப்படுகிறது. வரியும், வீரர் சங்கத்தின் நிதிக்கான பிடித்தமும் இதற்கு முன்பே கழிக்கப்படும். எட்டுப் பேர் கொண்ட அணியில் 5,00,000 யூரோவைச் சமமாகப் பிரித்தாலும் ஒருவருக்கு 62,500 யூரோ வரும். உதவியாளர்களையும் சேர்த்தால் இன்னும் குறையும்.

ஆகவே முன்னணி வீரரின் உண்மையான வருமானம் அணி தரும் ஊதியமும் விளம்பர ஒப்பந்தமுமே. டூரின் மொத்தப் பரிசும் 20 இலட்சம் யூரோவுக்குச் சற்று மேல்தான். 2024 விம்பிள்டனில் ஒற்றையர் பிரிவில் வென்ற ஒருவருக்குக் கிடைத்த 27,00,000 பவுண்டு, மூன்று வாரம் ஓடிய அனைவருக்குமான டூர் பரிசைவிட மிகுதி. எனினும் தலைமை வீரரல்லாத உதவி வீரருக்குப் பரிசுப் பங்கு சிறிதன்று. முதல்நிலை அணியில் இருந்தும் குறைந்தபட்ச ஊதியம் மட்டும் பெறும் வீரருக்கு 2023இல் ஆண்டு முழுமைக்கும் கிடைத்தது 40,000 யூரோவுக்குச் சற்று மேலான தொகையே. தலைவர் நேர ஓட்டத்தில் இழக்கும் ஒரு நிமிடம் இவருடைய ஓராண்டு ஊதியத்துக்கு ஒப்பான தொகையை எடுத்துச் சென்றுவிடக்கூடும். அந்த ஒரு நாளில்தான் இவர் எவ்வகையிலும் உதவ முடியாது.

குறைந்துவரும் தொலைவு

இந்துரைன் காலத்தோடு ஒப்பிட்டால் டூரில் நேர ஓட்டத்தின் பங்கு வெகுவாகக் குறைந்துள்ளது. பிராட்லி விக்கின்சு வென்ற 2012இல் மூன்று தனிநபர் நேர ஓட்டங்கள் சேர்ந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருந்தன. 2015இல் தனிநபர் நேர ஓட்டம் 13.8 கிலோமீட்டர் மட்டுமே. அந்தச் சிறு ஓட்டத்தில்தான் ரோகன் டென்னிசு மணிக்கு 55.446 கிலோமீட்டர் என்ற சராசரி வேகத்தை எட்டினார். நீண்ட நேர ஓட்டம் ஒரே நாளில் போட்டியை முடித்துவிடுகிறது என்பதும், பார்வையாளர் மலைக் கட்டங்களையே விரும்புகின்றனர் என்பதும் அமைப்பாளர்கள் கூறும் காரணங்கள். இது முழுமையான விளக்கமாகத் தோன்றவில்லை. 2023இல் பாசியிலிருந்து கொம்புளூ வரை வெறும் 22.4 கிலோமீட்டரில், அதுவரை 10 நொடி மட்டுமே முன்னிலையில் இருந்த யோனாஸ் விங்ககார்ட், பொகாச்சரைவிட 1 நிமிடம் 38 நொடி முந்தினார். தொலைவைக் குறைத்தாலும் இடைவெளி குறையும் என்பது உறுதியில்லை.

பெண்கள் பந்தயம்

1984இல் பெண்களுக்கான டூர் நடந்தபோது அதனை வென்ற அமெரிக்கரான மரியான் மார்ட்டின் பெற்றது ஒரு கோப்பையும் ஏறத்தாழ 1,000 டாலரும்தான். அதையும் அவர் அணியினருடன் பகிர்ந்துகொண்டார். அப்பந்தயம் சில ஆண்டுகளில் நின்றுபோனது. 2022இல் மீண்டும் தொடங்கப்பட்ட பெண்கள் டூரின் மொத்தப் பரிசு 2,50,000 யூரோ. முதற்பரிசு 50,000, கட்ட வெற்றிக்கு 4,000 யூரோ. அவ்வாண்டில் பெண்கள் பந்தயம் எட்டு நாளும் ஆண்கள் பந்தயம் இருபத்தொரு கட்டமும் கொண்டிருந்ததால் மொத்தத் தொகையை நேரடியாக ஒப்பிட முடியாது என்பர். கட்டத்துக்குக் கட்டம் ஒப்பிடலாம். 2023 சூலையில் விங்ககார்ட் 22.4 கிலோமீட்டர் நேர ஓட்டத்தை வென்றதற்கு 11,000 யூரோ. பன்னிரண்டு நாள் கழித்து, போ நகரில் 22.6 கிலோமீட்டர் நேர ஓட்டத்தைச் சுவிட்சர்லாந்தின் மார்லன் ரொய்சர் வென்றதற்கு 4,000 யூரோ.

அதே போ நகர ஓட்டத்தின் முடிவில் டெமி வொல்லரிங் பந்தயத்தை வென்றார். இரண்டாம் இடத்துக்கு லொட்டே கொப்பெக்கியும் கசியா நிவியாடோமாவும் சரியாக 3 நிமிடம் 3 நொடி பின்னிலையில் சமமாக நின்றனர். எட்டு நாள் ஓட்டம் அவர்களை ஒரு நொடிகூடப் பிரிக்கவில்லை. நேர ஓட்டக் கடிகாரத்தின் நூற்றுப் பங்குகளைப் பார்த்துக் கொப்பெக்கிக்கு இரண்டாம் இடம் வழங்கப்பட்டது. இரண்டாம் பரிசு 25,000 யூரோ, மூன்றாம் பரிசு 10,000 யூரோ.

அடுத்த ஆண்டு, 2024இல், வொல்லரிங் ரோட்டர்டாமில் நடந்த 6.3 கிலோமீட்டர் நேர ஓட்டத்தை வென்று மஞ்சள் சட்டை அணிந்தார். இரு நாள் கழித்து விழுந்து நேரத்தை இழந்தார். கடைசி நாளில் ஆல்ப் துவே மலையுச்சியில் முதலாவதாக எல்லையைத் தொட்டும், 4 நொடிகளில் பந்தயத்தை நிவியாடோமாவிடம் இழந்தார். ஆண்கள், பெண்கள் இருபாலர் டூர்களிலும் பதிவான மிகக் குறைந்த இடைவெளி இதுவே.